ரீபொட் டோம் நிலக் குத்தகை: ஓர் இலஞ்ச வழக்கும் அதன் எல்லைகளும்

ஐக்கிய அமெரிக்காவில், அமைச்சரவையில் இருந்த காலத்திற் புரிந்த குற்றத்துக்காகச் சிறை சென்ற முதல் மனிதர் அல்பேட் ஃபோல். ஜனாதிபதி ஹாடிங்கின் ஆட்சியில், 1921 மார்ச் முதல் 1923 மார்ச் வரை, உள்நாட்டுத்துறைச் செயலாளராகப் பதவி வகித்தவர். அரசுக்குரிய எண்ணெய் நிலங்களைக் குத்தகைக்கு விடும் விடயத்தில் எட்வேட் டொஹீனி என்னும் எண்ணெய் முதலாளியிடமிருந்து 1 இலட்சம் டொலரை அவர் இலஞ்சமாகப் பெற்றார் என 1929 ஒக்ரோபர் 25 ஆந் திகதி வாஷிங்டனில் யூரர் சபையொன்று தீர்ப்பளித்தது. ஐந்து மாதங்களின் பின்னர், 1930 மார்ச் 22 ஆந் திகதி, அதே நகரில், அதே நீதிபதியின் முன்னிலையில், அதே பணத்தை இலஞ்சமாகக் கொடுத்தார் என்னுங் குற்றச்சாட்டிலிருந்து டொஹீனியை வேறொரு யூரர் சபை விடுதலை செய்தது. வாங்கியவர் குற்றவாளி, கொடுத்தவர் நிரபராதி.

சட்ட அறிஞர்கள் இதற்கு விளக்கங் கூறுவர். வாங்குபவரின் உள்ளக்கிடக்கையும் கொடுப்பவரின் உள்ளக்கிடக்கையும் தனித்தனியே நிரூபிக்கப்பட வேண்டியவை என்பதும், ஒரு யூரர் சபையின் முடிவு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது என்பதும் உண்மையே. ஆயின் வரலாற்று மாணவன் அவ்விளக்கத்துடன் அமைதி கொள்ள இயலாது. ரீபொட் டோம் விவகாரம் பொதுவாக ஒரு தனிமனிதனின் பேராசைக் கதையாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. அப்படிச் சொல்லும்பொழுது அந்த நிலங்களுக்கு என்ன நேர்ந்தது என்பது பின்னுக்குத் தள்ளப்படுகின்றது. இலஞ்சம் என்னும் குற்றத்தைச் சட்டத்தாற் காண முடிந்தது. அவ்விலஞ்சம் எந்தக் கொள்கையின் மீது ஏறிப் பயணஞ் செய்ததோ அக்கொள்கையை அது காணவில்லை. இக்கட்டுரையின் அக்கறை அங்கேயே உள்ளது.

முதலில் நிலத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியிற் பெரும்பரப்பு நிலம் கூட்டாட்சி அரசின் உடைமையாக இருந்தது. அது ஆதிக் குடிகளிடமிருந்து எவ்வாறு அரசின் கைக்கு வந்தது என்பது வேறொரு நெடுங்கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழைய சட்டங்களின்படி அந்நிலத்திற் கனிப்பொருளைக் கண்டவன் மிகச் சிறிய தொகை செலுத்தி அதைச் சொந்தமாக்கிக் கொள்ளலாம். எண்ணெய்க்கும் இவ்விதியே பொருந்தியது. கலிபோர்னியாவில் எண்ணெய் நிலங்கள் மிக விரைவாகத் தனியார் கைக்கு மாறுவதைக் கண்ட ஜனாதிபதி ராஃப்ற், 1909 செப்டெம்பரில், கலிபோர்னியாவிலும் வயோமிங்கிலும் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் நிலத்தை இவ்வுரிமைகோரலிலிருந்து விலக்கி வைத்தார். அக்காலத்திற் போர்க்கப்பல்கள் நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தன. எனவே 1912 இல் கலிபோர்னியாவின் எல்க் ஹில்ஸ், புவெனா விஸ்ரா ஆகிய இரு பகுதிகளும், 1915 இல் வயோமிங்கின் ரீபொட் டோமும் கடற்படைக்கான ஒதுக்க நிலங்களாக்கப்பட்டன. ரீபொட் டோம் 9,000 ஏக்கருக்குச் சற்று மேற்பட்டது. தேநீர்க் கெண்டி போன்ற உருவுடைய பாறையொன்று அருகே நின்றமையால் அப்பெயர் வந்தது.

1920 ஆம் ஆண்டின் கனிப்பொருட் குத்தகைச் சட்டம் ஒரு சமரசம். எண்ணெய் நிலங்களை இனி விற்பதில்லை. குத்தகைக்கு மட்டுமே விடுவது. நிலவுரிமை அரசிடமே இருக்கும். எடுக்கப்படும் எண்ணெயில் ஒரு பங்கு அரசுக்குச் சேரும். பாதுகாப்புவாதிகள் இதை வெற்றியெனக் கொண்டாடினர். எமது வயற்காணி வழக்கிற் குத்தகைக்கும் வாரத்துக்கும் வேறுபாடு உண்டு. அதன்படி பார்த்தால் அமெரிக்கர் குத்தகை என அழைத்தது உண்மையில் வாரமே. ஆயின் ஒரு முக்கிய வேறுபாட்டை மறத்தலாகாது. வாரத்துக்கு விட்ட வயல் அறுவடையின் பின்னும் வயலாகவே கிடக்கும். எண்ணெய் நிலம் அத்தகையதன்று. இருபது ஆண்டுக் குத்தகை முடிவடையும்பொழுது அரசிடம் மீள்வது உள்ளீடற்ற நிலமே. உறுதியில் நிலவுரிமை அரசின் பெயரில் இருப்பதும், நிலத்தின் பயன் முழுவதும் வேறொருவரிடஞ் செல்வதும் ஒருங்கே நிகழக்கூடியவை என்பதைக் குத்தகை என்னும் சொல் மறைத்துவிடுகின்றது.

ஃபோல் இத்தகைய மயக்கம் எதுவுமில்லாத மனிதர். கென்ரக்கியிற் பிறந்து, இளமையில் நியூ மெக்சிக்கோவுக்கு வந்து, சுரங்கம் தேடி, சட்டம் பயின்று, 1912 இல் அது மாநிலமானபொழுது அதன் முதல் இரு செனற்றர்களில் ஒருவரானவர். அரசுக்குரிய நிலங்கள் யாவும் தனியார் முயற்சிக்குத் திறந்துவிடப்பட வேண்டும் என்பதை அவர் என்றும் மறைத்ததில்லை. உள்நாட்டுத்துறை என்ற பெயர் எமக்குப் பொலிசையும் நிருவாகத்தையும் நினைவூட்டினாலும், அமெரிக்காவில் அத்துறை அரச நிலம், கனிப்பொருள், ஆதிக் குடிகளின் விவகாரம் ஆகியவற்றுக்கே பொறுப்பானது. நிலத்தை அரசு வைத்திருக்கவே கூடாது எனக் கருதிய ஒருவரிடம் அரச நிலம் முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. செனற்சபை தனது உறுப்பினர் என்ற மரியாதையில் அவரது நியமனத்தை விவாதமின்றி ஏற்றது. அவரிடம் எவரும் அப்பொழுது இலஞ்சத்தை எதிர்பார்க்கவில்லை. அவரது கொள்கையை எல்லோரும் அறிந்திருந்தனர்.

பதவியேற்று மூன்று மாதங்களுக்குள், 1921 மே 31 ஆந் திகதி, கடற்படையின் ஒதுக்க நிலங்களை உள்நாட்டுத்துறைக்கு மாற்றும் ஆணையில் ஹாடிங் ஒப்பமிட்டார். கடற்படைச் செயலாளர் டென்பி மறுப்பின்றி இணங்கினார். அதே ஆண்டு நவம்பர் 30 ஆந் திகதி டொஹீனியின் மகன் 1 இலட்சம் டொலர் பணத்தை ஒரு கறுப்புப் பையில் வைத்து வாஷிங்டனில் ஃபோலிடங் கொடுத்தார். செயலாளரின் ஆண்டுச் சம்பளம் 12,000 டொலர். 1922 ஏப்பிரல் 7 ஆந் திகதி ரீபொட் டோம் முழுவதும் ஹரி சிங்கிளெயரின் மமத் எண்ணெய்க் கம்பனிக்குக் குத்தகையாக எழுதப்பட்டது. கேள்விப்பத்திரம் கோரப்படவில்லை, பகிரங்க அறிவித்தலும் இல்லை. அதே மாதத்தில் டொஹீனியின் கம்பனிக்குப் பேர்ள் துறைமுகத்தில் எண்ணெய்த் தாங்கிகள் அமைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. எல்க் ஹில்ஸ் நிலத்திற் குத்தகைக்கு முன்னுரிமையும் அதனோடு சேர்ந்தே வழங்கப்பட்டது. டிசெம்பரில் எல்க் ஹில்ஸ் முழுவதும் அவர் வசமாயிற்று.

ரீபொட் டோம் உடன்படிக்கையின்படி கிணற்றின் வளத்துக்கேற்ப நூற்றுக்குப் பன்னிரண்டரை முதல் ஐம்பது வரை அரசின் பங்கு. இது குறைந்த வீதமன்று என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயின் அந்தப் பங்கு திறைசேரிக்குப் பணமாகச் செல்லவில்லை. அதற்கு ஈடாகக் கம்பனி பத்திரங்கள் வழங்கும். அப்பத்திரங்களைக் கொண்டு கடற்படை கப்பல் எரிபொருளையும் தாங்கிகளையும் அதே கம்பனிகளிடமிருந்து பெற்றுக்கொள்ளும். சாதாரணமாக இத்தகைய கட்டட வேலைக்குக் கொங்கிரஸ் நிதி ஒதுக்கவேண்டும். இங்கு நிலத்தடி எண்ணெய் கொங்கிரசின் கண்ணிற் படாமலே தாங்கிகளாக மாறிற்று. பாராளுமன்றத்தின் நிதிக் கட்டுப்பாட்டைப் பற்றி அக்கறையுள்ளோர் கறுப்புப் பையைவிட இப்பத்திர முறையையே அதிகம் கவனிக்க வேண்டும் என்பது எனது கருத்து.

ஃபோல் தரப்பின் நியாயங்களையும் நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். எண்ணெய் நிலத்தடியில் எல்லைக்கல்லை மதிப்பதில்லை. அயலிலுள்ள தனியார் கிணறுகள் ஒதுக்க நிலத்தின் எண்ணெயையும் உறிஞ்சிவிடும். ஆகவே விரைந்து எடுத்துத் தாங்கிகளிற் சேமிப்பதே அறிவுடைமை என அவர் வாதிட்டார். தனியார் காணிகள் இடையிடையே செறிந்திருந்த கலிபோர்னிய நிலங்களில் இவ்வச்சம் கற்பனையன்று. பசிபிக்கில் யப்பானுடன் போர் மூளலாம் என்ற எண்ணமும் கடற்படையினரிடையே இருந்தது. உடன்படிக்கைகளை இரகசியமாக வைத்ததற்குத் தேசப் பாதுகாப்பையே அவர் காரணங் காட்டினார். ஆனால் அயற்கிணறுகளால் ஏற்படும் இழப்பைத் தடுப்பதற்கு எல்லையோரத்திற் சில கிணறுகள் போதும். நிலம் முழுவதையும், போட்டியின்றி, ஒரே கம்பனியிடம் ஒப்படைப்பதற்கு அந்நியாயம் போதாது.

அரசு இக்குத்தகையை எத்துணை உறுதியாகக் காத்தது என்பதற்கு அதிகம் பேசப்படாத ஒரு சம்பவம் சான்றாகும். ரீபொட் டோமில் ஒரு பகுதிக்குப் பழைய உரிமை கோரி வேறொரு கம்பனி துளையிடத் தொடங்கியிருந்தது. 1922 கோடையில், நீதிமன்ற ஆணை எதுவுமின்றி, அமெரிக்க மரைன் படையினர் சிலர் அங்கு அனுப்பப்பட்டு அக்கம்பனியார் வெளியேற்றப்பட்டனர். சிங்கிளெயரின் குத்தகைக்கு இடையூறு நீங்கியது. அவ்வேளை ஃபோல் கைதியாகவுமில்லை, குற்றஞ்சாட்டப்பட்டவராகவுமில்லை. இச்செயலுக்காக எவரும் தண்டிக்கப்படவுமில்லை.

விடயம் வெளிவந்த வகை சுவையானது. 1922 ஏப்பிரல் 14 ஆந் திகதி வோல் ஸ்ரீற் ஜேர்னல் குத்தகைச் செய்தியை வெளியிட்டது. வயோமிங்கின் செனற்றர் கென்ட்ரிக் மறுநாள் வினாவெழுப்பினார். விஸ்கொன்சினின் முற்போக்குச் செனற்றர் லா ஃபொலெட் கொண்டுவந்த பிரேரணையின்படி அம்மாத இறுதியில் விசாரணைக்கு உத்தரவாயிற்று. பத்திரிகைகள் யாவும் உண்மையின் காவலராக நின்றன என எண்ணவேண்டாம். டென்வர் போஸ்ற் பத்திரிகை முதலிற் குத்தகையைக் கடுமையாகத் தாக்கியது. சிங்கிளெயர் அதன் உரிமையாளர் தரப்புக்கு 2 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்து, மேலும் தருவதாக உடன்பட்டபின் அத்தாக்குதல் நின்றுவிட்டது.

விசாரணைப் பொறுப்பு மொன்ரானாவின் செனற்றர் தோமஸ் வோல்ஷிடம் வந்து சேர்ந்தது. பல மாதங்கள் ஆவணங்களைப் படித்தபின் 1923 ஒக்ரோபரில் அவர் பகிரங்க விசாரணையைத் தொடங்கினார். ஃபோல் அதற்கு முன்னரே பதவி துறந்திருந்தார். ஹாடிங் ஆகஸ்டில் இறந்துவிட்டார். வோல்ஷ் பாதுகாப்புவாதிகளின் அணியைச் சேர்ந்தவரல்லர். மேற்கு நிலங்களைத் தனியார் விருத்தி செய்யவேண்டும் என்ற கொள்கையில் அவர் ஃபோலுக்கு மிகவுந் தொலைவில் நிற்கவில்லை. ஆகவே விசாரணை கொள்கையை நோக்கிச் செல்லாமல் பணத்தை நோக்கிச் சென்றது இயல்பே. அதில் அவர் காட்டிய விடாமுயற்சி போற்றுதற்குரியது.

நியூ மெக்சிக்கோவிலிருந்து சாட்சிகள் வந்தனர். 1912 முதல் காணிவரி கட்ட இயலாதிருந்த ஃபோல் 1922 இல் நிலுவை முழுவதையுங் கட்டிவிட்டார். அயற் பண்ணையொன்றை வாங்கினார். திறீ றிவேர்ஸ் பண்ணையில் புதிய வேலைகள் நடைபெற்றன. சிங்கிளெயரின் நியூ ஜேர்சிப் பண்ணையிலிருந்து ஆறு கிடாரிகளும் ஓர் இளங்காளையும் சில பன்றிகளும் புகையிரதத்தில் வந்து இறங்கியிருந்தன. பணம் எங்கிருந்து வந்தது? வாஷிங்டன் போஸ்ற் உரிமையாளர் மக்லீன் 1 இலட்சம் டொலர் கடன் கொடுத்ததாக ஃபோல் எழுதியனுப்பினார். மக்லீன் உடல்நலக் குறைவு எனக் கூறிப் புளோரிடாவில் தங்கியிருந்தார். 1924 ஜனவரியில் வோல்ஷ் நேரே அங்கு சென்று வினவியபொழுது, தான் கொடுத்த காசோலைகள் மாற்றப்படாமலே திரும்பிவந்தன என மக்லீன் ஒப்புக்கொண்டார்.

அம்மாதம் 24 ஆந் திகதி டொஹீனி தாமாகவே முன்வந்து பணங் கொடுத்தவர் தாமே என்றார். சுரங்கந் தேடித் திரிந்த இளமைக்கால நண்பனுக்குக் கொடுத்த கடன் அது என்பது அவர் விளக்கம். கடன் சீட்டைக் காட்டினார். ஒப்பம் இருக்கவேண்டிய பகுதி கிழிக்கப்பட்டிருந்தது. அப்பகுதி தமது மனைவியிடம் உள்ளதாம். சாதாரண மனிதனொருவனுக்கு 25 அல்லது 50 டொலர் எவ்வளவோ, தமக்கு 1 இலட்சம் டொலர் அவ்வளவே என்றும் அவர் விளக்கினார். எல்க் ஹில்ஸ் குத்தகையில் 10 கோடி டொலர் இலாபத்தை எதிர்பார்ப்பதாக அவரே அக்குழுவிடங் கூறியிருந்தார். இரு தொகைகளையும் அருகருகே வைத்தால் அமைச்சரொருவரின் விலை எதிர்பார்த்த இலாபத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு எனக் கணக்காகின்றது. டொஹீனியின் கூற்று ஆணவம்போலத் தோன்றினும் கணித அளவில் அது மெய்யே.

சிங்கிளெயரின் பணம் வேறு வழியிற் சென்றது. அவரும் வேறு சில எண்ணெய்க் கம்பனித் தலைவர்களும் 1921 இல் கனடாவிற் பெயரளவில் ஒரு வர்த்தகக் கம்பனியை அமைத்தனர். பீப்பாய் ஒன்றுக்கு 1.50 டொலராக அது எண்ணெயை வாங்கி, 1.75 டொலராக அவர்களது சொந்தக் கம்பனிகளுக்கே விற்றது. அந்த 25 சதம் யுத்தக் கடன் முறிகளாக மாறியது. தமது பங்குதாரரையே ஏமாற்றிச் சேர்த்த அந்த முறிகளில் 2 இலட்சத்து 30 ஆயிரம் டொலருக்கு மேற்பட்டவை ஃபோலின் பக்கஞ் சென்றதை முறிகளின் தொடரிலக்கங்கள் காட்டிக்கொடுத்தன. குடியரசுக் கட்சியின் 1920 ஆம் ஆண்டுத் தேர்தற் கடனைத் தீர்ப்பதற்கும் அதே முறிகளிற் சில உதவின.

சனநாயகக் கட்சி இதனாற் பயனடைந்திருக்க வேண்டும். ஆனால் டொஹீனி அக்கட்சியைச் சேர்ந்தவர். அதன் ஜனாதிபதி வேட்பாளராக எதிர்பார்க்கப்பட்ட மக்கடூ, டொஹீனியிடம் ஆண்டுக்கு 25,000 டொலர் பெற்ற சட்ட ஆலோசகராக இருந்தார் என்பதும் விசாரணையில் வெளிவந்தது. டென்பியும் சட்டமா அதிபர் டோகேர்ட்டியும் 1924 இல் பதவி விலகினர். பெரும் பத்திரிகைகள் சில, திருடியவரை விட்டு, திருட்டை வெளிப்படுத்திய செனற்றர்களையே அவதூறு பரப்புவோர் எனச் சாடின. அவ்வாண்டு நவம்பரில் கூலிட்ஜ் பெருவெற்றி ஈட்டினார். முற்போக்கு வேட்பாளராக நின்ற லா ஃபொலெட்டுக்கு ஏறத்தாழ 48 இலட்சம் வாக்குகள் கிடைத்தன.

நீதிமன்றங்களின் கதையைச் சுருக்கமாகவே கூறலாம். குத்தகைகளை இரத்துச் செய்யக் கோரிய குடியியல் வழக்குகளில் கீழ் நீதிமன்றங்கள் முரண்பட்ட தீர்ப்புகளை வழங்கின: எல்க் ஹில்ஸ் வழக்கில் அரசு வென்றது, ரீபொட் டோம் வழக்கிற் சிங்கிளெயர் வென்றார். இறுதியில் 1927 பெப்ரவரியிலும் ஒக்ரோபரிலும் உச்ச நீதிமன்றம் இரு குத்தகைகளையும் செல்லாதனவாக்கியது. டொஹீனி பேர்ள் துறைமுகத்தில் அமைத்த தாங்கிகளுக்கு நட்டஈடும் மறுக்கப்பட்டது. நிலத்தைப் பொறுத்தவரை நீதி கிடைத்தது எனலாம். அதே 1927 ஜனவரியில், டோகேர்ட்டியின் சகோதரர் சாட்சியமளிக்க மறுத்தமையால் எழுந்த வழக்கில், விசாரணை நடத்திச் சாட்சிகளை அழைக்கும் அதிகாரம் கொங்கிரசுக்கு உண்டு என அந்நீதிமன்றம் உறுதிசெய்தது. இவ்விவகாரத்தின் நிலையான பயன் இதுவே.

குற்றவியல் வழக்குகள் வேறு வகையாய் முடிந்தன. சதிக் குற்றச்சாட்டில் ஃபோலும் டொஹீனியும் 1926 டிசெம்பரில் விடுதலையாயினர். ஃபோல், சிங்கிளெயர் ஆகியோருக்கெதிரான வழக்கு 1927 இல் இடைநடுவிற் குலைந்தது. சிங்கிளெயர் ஏற்பாடு செய்த துப்பறிவோர் யூரர்களைப் பின்தொடர்ந்து வந்தது தெரிந்துவிட்டது. 1928 இல் அவரும் சதிக் குற்றத்திலிருந்து விடுதலை பெற்றார். செனற்றின் வினாவுக்கு விடையளிக்க மறுத்தமைக்கும் யூரர்களை வேவுபார்த்தமைக்குமாக 1929 இல் ஆறு மாதத்துக்குச் சற்று மேலாகச் சிறையிருந்து, வெளிவந்து, மீண்டும் தமது கம்பனியின் தலைமையில் அமர்ந்தார். ஃபோல் மட்டுமே எஞ்சினார். நோயுற்று, சக்கர நாற்காலியில் நீதிமன்றுக்கு வந்த அவருக்கு ஓராண்டுச் சிறையும் 1 இலட்சம் டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்துகொண்டிருந்த அதே வாரத்தில் வந்த தீர்ப்பு அது. 1931 யூலையில் சிறை சென்று ஒன்பது மாதங்களின் பின் வெளிவந்தார். தண்டப்பணத்தைக் கட்ட அவரிடம் வழியில்லை. 1930களின் நடுப்பகுதியில், நண்பனுக்குக் கொடுத்த கடன் என நீதிமன்றில் வருணிக்கப்பட்ட தொகைக்காக, டொஹீனியின் கம்பனியே திறீ றிவேர்ஸ் பண்ணையை ஈட்டின் பேரிற் கைப்பற்றியது. கொடுத்தவர் தரப்புக்கு அது இறுதிவரை கடனாகவே இருந்தது போலும்.

இனி, ஃபோல் இலஞ்சமின்றிச் செய்தவற்றைப் பார்ப்போம். 1922 யூனில், ஜனாதிபதி ஆணைகளால் ஆதிக் குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களும் 1920 ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டத்துக்கு உட்பட்டவையே என அவர் விதித்தார். ஒரே கையெழுத்தில், பல இலட்சம் ஏக்கர் நிலத்தின் எண்ணெயில் அதன்மேல் வாழ்ந்த மக்களுக்கிருந்த உரிமை மறுக்கப்பட்டது. அதே ஆண்டில் நியூ மெக்சிக்கோவின் செனற்றர் பேர்சம், ஃபோலின் ஆதரவுடன் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். பியூப்ளோ மக்களின் நிலங்களில் அத்துமீறிக் குடியேறியோரின் உரிமையை ஏற்று, நிலம் தமதே என நிரூபிக்கும் பொறுப்பை அம்மக்கள் மீதே அது சுமத்தியது. ஏழை விவசாயியின் உறுதிப்பத்திரம் காணாமற்போகும் நாடுகளில் இச்சட்ட உத்தியின் பொருளை விளக்கவேண்டியதில்லை. 1922 நவம்பரில் பியூப்ளோக்களின் பிரதிநிதிகள் சான்ரோ டொமிங்கோவில் ஒன்றுகூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். தூதுக்குழுவொன்று கிழக்கு நகரங்களுக்குச் சென்றது. மசோதா 1923 இல் தோற்றது. குத்தகை விதிப்பை 1924 இல் புதிய சட்டமா அதிபர் ஸ்ரோன் செல்லாதென அறிவித்தார்.

இவ்விரு முயற்சிகளிலும் எவரும் ஃபோலுக்குப் பணங் கொடுத்ததாகச் சான்றில்லை. அவர் நம்பியதைச் செய்தார். ரீபொட் டோம் குத்தகையையும் கறுப்புப் பை இல்லாமலே அவர் கொடுத்திருக்கக்கூடும். அவரது வழக்கறிஞர்களின் வாதமும் ஏறக்குறைய இதுவே. அவரை விடுவிப்பதற்காக அவர்கள் அதைக் கூறினர். நாமோ அதே கூற்றை அக்கொள்கைக்கு எதிரான குற்றச்சாட்டாக வாசிக்கின்றோம். ரீபொட் டோமை எதிர்க்க ஒரு செனற்றரும் உச்ச நீதிமன்றமும் முன்வந்தன. தமது நிலத்துக்காகப் பியூப்ளோ மக்கள் தாமே எழுந்து நின்று, தம் பக்கத்துக்கு ஆதரவு திரட்டவேண்டியிருந்தது.

மீட்கப்பட்ட ரீபொட் டோம் 1927 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பெரும்பாலும் மூடிக்கிடந்தது. 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப்பின் 1976 இல் கொங்கிரஸ் சட்டமியற்றி ஒதுக்க நிலங்களை உற்பத்திக்குத் திறந்தது. எல்க் ஹில்ஸ் 1998 இல் ஒக்சிடென்ரல் கம்பனிக்கு 365 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. 2015 ஜனவரியில் ரீபொட் டோமும் 4 கோடியே 52 இலட்சம் டொலருக்குத் தனியார் கம்பனியொன்றின் சொந்தமாயிற்று. இரண்டும் குத்தகையன்று, விற்பனை. பகிரங்கமாக விலைகோரி, உரிய பத்திரங்களுடன் நடந்தேறியவை.